அம்மாவுக்குப் பாடம் எடுத்த வருடங்கள்

தொடக்கநிலை எட்டு என்று ஒரு வகுப்பு சிங்கப்பூரில் இருந்தது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். ஆறோடு முடிய வேண்டிய தொடக்கப்பள்ளி எட்டு வரைக்கும் எப்படிப் போகும் என்று கேட்கிறார்கள். போனது. நானே போனேன்.

நான் முதலாம் வகுப்பில் சேர்ந்தது 1979-ல். அப்போதைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீயின் குழு கல்வி பற்றி அறிக்கை கொடுத்து, புதிய கல்வி முறை என்று ஒன்று தொடங்கிய வருடம் அது. அந்தக் காலத்தில் நிறையப் பிள்ளைகள் பாதியிலேயே பள்ளியை விட்டு நின்றார்கள். வீட்டில் பேசுவது ஒரு மொழி, பள்ளியில் படிப்பது வேறு இரண்டு மொழி என்பதுதான் பெரும்பாலான வீடுகளின் நிலை. எல்லாரையும் ஒரே வேகத்தில் ஓட்டினால் பின்தங்குகிறவர்கள் விழுந்துவிடுகிறார்கள், அதனால் வேகத்துக்குத் தகுந்தபடி பிரிப்போம் என்றது அறிக்கை. மூன்றாம் வகுப்பு முடிவில் பரீட்சை. நன்றாகச் செய்தவர்கள் ஆறு வருடத்தில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதலாம். அடுத்த நிலையில் இருந்தவர்களுக்கு எட்டு வருடம். அதற்கும் கீழே ஒரே மொழி மட்டும் படித்துவிட்டுத் தொழிற்பயிற்சிக்குப் போகிற பிரிவு. எனக்கு எட்டு வருடப் பிரிவு வந்தது. வயது ஒன்பது.

ஏற்பாட்டுக்கு நியாயம் இருந்தது என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த நியாயம் எப்படிப் புரியும்? எந்தப் பிள்ளைக்கு என்ன முத்திரை என்று பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். உணவு இடைவேளையில் தெரியும், விளையாட்டுத் திடலில் தெரியும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தெரியும். "இன்னுமா பிரைமரி?" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்கிற உறவினர் ஒருவர் இருந்தார். அவருக்கு முறுக்குத் தட்டை நீட்டிவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவேன்.

எங்கள் வீட்டு நிலையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை. அந்தப் பக்கம் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்த காலத்திலேயே தாத்தா வந்து சேர்ந்தவர். முதலில் சோங் பாங் கம்பத்தில், அதாவது கிராமத்தில், தகரக் கூரை வீடு, பிறகு ஈசூனில் அரசாங்க அடுக்குமாடியில் மூவறை வீவக வீடு. அம்மா கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தார். தமிழ் சரளமாக வாசிப்பார், ஆங்கிலத்தில் தன் பெயரைக்கூட எழுத வராது. என் மதிப்பெண் புத்தகத்தில் தமிழில்தான் கையெழுத்து. ஓர் ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, இதைப் போட்டது யார் என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டார். அந்த ஆசிரியரைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

டியூஷனுக்குக் காசில்லை. அப்போது இந்தியச் சமூகத்துக்கான சுய உதவி அமைப்பான சிண்டாவும் கிடையாது, அது வந்தது 1991-ல். எங்களுக்குக் கிடைத்தது சாயங்கால நேரமும் அம்மாவின் வாயும்தான்.

ஏழு மணி வாக்கில் அம்மா தரையில் பழைய தமிழ் முரசு நாளிதழை விரித்து, நெத்திலிக் கருவாட்டைக் கொட்டிக்கொண்டு உட்காருவார். தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிளந்து கறுப்பை எடுத்து, இரண்டு பாதியையும் தட்டில் போட வேண்டும். நானும் கிள்ளுவேன். கை வேலை நடக்கும்போதே, "இன்னைக்கு டீச்சர் என்ன சொன்னாங்க? எனக்கும் சொல்லு" என்பார். கேள்வியை விசாரணை மாதிரி போட மாட்டார். ஊரில் யாருக்குக் கல்யாணம் என்று விசாரிக்கிற அதே குரல்தான். அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை, படிக்க முடியாமல் போன ஆறாம் வகுப்பையும் ஏழாம் வகுப்பையும் என்னிடம் படித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

பள்ளியில் நான் பாடத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் பண்ணி வைத்திருப்பேன். அந்த வாக்கியத்தை அம்மாவிடம் ஒப்பித்தால் ஒன்றும் ஆகாது, அவருக்கு ஆங்கிலமே தெரியாதே. தமிழில் சொல்லப் போனால் சரக்கு கையில் இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். என்ன நடக்கிறது, எதனால் நடக்கிறது என்று எனக்குள் ஓடினால்தான் அம்மாவுக்குச் சொல்ல முடியும். பாதிப் பாடம் எனக்கே அப்போதுதான் விளங்கும். மீதிப் பாதி விளங்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரியும்.

ஒரு நாள் தண்ணீர் ஆவியாகிற பாடம். வெயில் பட்டால் தண்ணீர் சூடாகி ஆவியாகப் போய்விடும், அதனால்தான் துணி காய்கிறது என்று பெரிய வாத்தியார் கணக்காகச் சொன்னேன். அம்மா கிள்ளுவதை நிறுத்திவிட்டு, "அப்படின்னா ராத்திரி மூங்கில்ல மாட்டுற துணி எப்படிடி காலையில காஞ்சிருக்கு? ராத்திரி என்ன வெயிலா அடிக்குது?" என்றார். அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் வரும் வாரங்களில் அம்மா ராத்திரிதான் துவைத்துச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் கோத்து நீட்டுவார். என்னிடம் பதில் இல்லை. "தெரியலன்னா டீச்சரைக் கேட்டுட்டு வா, எனக்கும் தெரியணும்" என்றார்.

மறுநாள் வகுப்பில் கை தூக்கினேன். எட்டு வருடப் பிரிவில் கை தூக்குகிற பழக்கம் எங்கள் யாருக்கும் கிடையாது. அறிவியல் ஆசிரியர் சீனர், வயதானவர். கேள்வியைக் கேட்டு முகம் மலர்ந்துபோய், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினார். தண்ணீர் கொதிக்க வேண்டியதில்லை, எந்தச் சூட்டிலும் மேல்பரப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிக்கொண்டே இருக்கும். காற்று அடித்தால் வேகம் கூடும், துணி விரிந்திருந்தால் கூடும், மழை நாளில் காற்றிலேயே ஈரம் நிறைய இருப்பதால் குறையும். வீட்டில் வந்து சொன்னதும் அம்மா, "அதான் கால்சட்டையை மடிச்சுப் போட்டா இடுப்புப் பட்டி மட்டும் காயவே மாட்டேங்குது" என்றார். பாடப்புத்தகத்தில் பரப்பளவு என்று போட்டிருந்ததை அம்மா மூங்கில் கழியில் ஏற்கெனவே படித்து வைத்திருந்தார்.

சதவீதக் கணக்கு வந்தது அப்பா வழியாக. அவருக்குத் தன் சம்பளச் சீட்டில் எப்போதும் சந்தேகம். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு போட்டிருக்கிறார்களா என்று என்னைப் பார்க்கச் சொல்வார். அப்போது சேமநிதிக்குத் தொழிலாளி 25 விழுக்காடு, முதலாளி 25 விழுக்காடு. நூறு வெள்ளியில் இருபத்தைந்து வெள்ளி கைக்கு வராமலே போகிறது என்பதைவிடச் சதவீதத்துக்கு நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. 1985-ல் பொருளாதாரம் சரிந்தது. 1986 ஏப்ரலில் முதலாளி பங்கை 25-லிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். அன்றைக்கு ராத்திரி அப்பா சாப்பிட்டு முடித்த கையோடு என்னைக் கூப்பிட்டு, "நமக்கு மாசம் எவ்வளவு குறையும்? வருஷத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டார். நான் பிஎஸ்எல்இ எழுதப் போகிற வருடம் அது. போட்டுக் காட்டினேன். தொகையைக் கேட்டுவிட்டு அவர் ஒன்றும் சொல்லாமல் கை கழுவப் போனார். விடை சரியாக வந்தும் மனசு சந்தோஷப்படாத கணக்கு எனக்கு அதுதான் முதல்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் பிஎஸ்எல்இ தேறி, உயர்நிலைப் பள்ளியில், ஒரு வருடம் கூடுதலாகப் படிக்கிற வழக்கநிலைப் பிரிவு. என்னோடு உயர்நிலை ஒன்றில் உட்கார்ந்தவர்கள் பலரும் என்னைவிட இரண்டு வயது சிறியவர்கள். நான்கு வருடம் முடிந்து ஒரு தேர்வு, ஐந்தாம் வருடம் சாதாரண நிலைத் தேர்வு, அப்புறம் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல். வேலைக்குப் போய், பிள்ளைகள் வளர்ந்த பிறகு பகுதிநேரமாகப் பட்டம். எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது.

அம்மாவின் முறைக்கு எட்டாத இடமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆங்கிலக் கட்டுரையில் நான் கடைசி வரைக்கும் திணறினேன். தமிழில் விளக்கினால் அறிவியல் புரியும், கணக்கு புரியும். ஆங்கிலத்தில் எழுத ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும், அதற்குக் குறுக்கு வழி இல்லை. அங் மோ கியோ நூலகம் 1985-ல் திறந்தபோது ஈசூனில் நூலகம் கிடையாது. சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய், என் வயதுக்குச் சின்னதாக இருந்த கதைப் புத்தகங்களை அட்டை வெளியே தெரியாமல் எடுத்து வருவேன். அது கைகொடுத்தது.

இப்போது எங்கள் புளோக்கில் நாலைந்து பிள்ளைகள் வார இறுதியில் என் வீட்டுக்கு வருகிறார்கள். கட்டணம் இல்லை, பலகாரம் உண்டு. அவர்களுடைய பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது எந்த டியூஷன் நல்ல டியூஷன் என்பதுதான். டியூஷன் வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. சிண்டாவின் ஸ்டெப் என்கிற துணைப்பாட வகுப்புகள் குறைந்த கட்டணத்தில் நடக்கின்றன, இந்தியத் தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் சிண்டாவுக்குப் போகிற பணத்தில்தான் அதெல்லாம் நடக்கிறது. கூச்சப்படாமல் போய்ச் சேருங்கள் என்கிறேன். குறைந்த வருமானம் என்றால் கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டத்துக்குப் பள்ளி அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், பாடப்புத்தகமும் சீருடையும் கிடைக்கும். இதைக் கேட்பதற்கு நம் ஆட்கள் ஏனோ தயங்குகிறார்கள். ஆனால் டியூஷனில் பிள்ளை இன்னொரு முறை கேட்டுக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். அது வாய் திறந்து சொல்ல வேண்டிய இடம் வீடு.

எப்படிச் சொல்ல வைப்பது? கை வேலையோடு சேர்த்து வையுங்கள். துணி மடிக்கும்போது, கீரை ஆயும்போது, மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது. எதிரே உட்கார வைத்து "சொல்லு" என்றால் பிள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிடம் போதும். சொல்லி முடித்ததும் "ஏன்?" என்று ஒன்று, "அப்படி இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்று ஒன்று, இந்த இரண்டு கேள்வியை வைத்தே பாடத்தின் அடி வரைக்கும் போகலாம். பதில் வரவில்லையா, கேள்வியை ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் அனுப்புங்கள். கேள்வியோடு வருகிற பிள்ளையை ஆசிரியர்களுக்குப் பிடிக்கும், எந்தப் பிரிவில் இருந்தாலும். கடைசியில் ஒரு வேலை உண்டு. தமிழில் சொன்ன அதே விஷயத்தை அப்போதே ஆங்கிலத்தில் மூன்று வரி எழுத வைக்க வேண்டும். பரீட்சையில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், அறிவியலுக்கு உரிய சொற்கள் இல்லாவிட்டால் மதிப்பெண் போய்விடும். எங்கள் வீட்டில் இந்தக் கடைசிப் படி இல்லை, அதனால் நான் இழந்த மதிப்பெண்கள் நிறைய.

வேடிக்கை என்னவென்றால், இந்த முறை படித்த பெற்றோருக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது. பிள்ளை இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் பொறியாளர் அப்பா திருத்திவிடுகிறார். மூன்றாவது நிமிடத்தில் அவரே பாடம் எடுத்துக்கொண்டிருப்பார், பிள்ளை தலையாட்டிக்கொண்டிருக்கும். தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்பது ஒரு கலை, எல்லாருக்கும் வராது. அப்படிப்பட்ட வீடுகளில் பாட்டியிடம் சொல்லச் சொல்கிறேன். தமிழ் வாய்மொழித் தேர்வுக்கும் அதுவே பயிற்சி.

இன்னொன்று, மதிப்பெண் பற்றி. 2021-லிருந்து பிஎஸ்எல்இ-யில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று முதல் எட்டு வரை அடைவுநிலை கொடுக்கிறார்கள், ஏஎல் என்று நாம் சொல்வது. 90 அல்லது அதற்கு மேல் எடுத்தால் ஏஎல் 1. மேலே இருக்கிற படிகள் ஐந்தைந்து மதிப்பெண் அகலம்தான். ஏஎல் 6-க்கு வந்தால் 45 முதல் 64 வரை ஒரே படி. எங்கள் புளோக்குப் பெண் ஒருத்தி கணக்கில் 47-லிருந்து 62-க்கு வந்தாள். வீட்டில் ஏஎல்லை மட்டும் பார்த்தார்கள், போன தடவையும் ஆறு, இந்தத் தடவையும் ஆறு, என்னதான் படிக்கிறாய் என்று திட்டு விழுந்தது. பதினைந்து மதிப்பெண் ஏறியிருக்கிறாள்! இன்னும் மூன்று எடுத்தால் அடுத்த படி. நடுவே இருக்கிற பிள்ளைகளுக்கு ஏஎல்லைப் பார்க்காதீர்கள், தாளை வாங்கி எந்தக் கேள்வியில் போனது என்று பாருங்கள். பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்குப் போனாலும் "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "இன்னும் முயற்சி வேண்டும்" என்றுதான் பதில் வரும். "எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் நிற்கிறான்?" என்று கேளுங்கள்.

நல்லதும் நடந்திருக்கிறது. எட்டு வருடப் பிரிவு 1990-களின் தொடக்கத்தில் மறைந்தது. அதற்குப் பதில் வந்த நான்காம் வகுப்புப் பிரிப்பும் 2008-ல் போய், பாடத்துக்குப் பாடம் நிலையை மாற்றிக்கொள்ளும் முறை வந்தது. 2024-ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பெயர்களே இல்லை. இப்போது பாடங்களுக்கு ஜி1, ஜி2, ஜி3 என்று மூன்று நிலை, ஜி3-தான் மேல் நிலை. கணக்கு வருகிற பிள்ளை கணக்கை ஜி3-யில் படிக்கலாம், ஆங்கிலத்தை ஜி2-வில் படிக்கலாம், போகப் போக மாற்றிக்கொள்ளலாம். என் காலத்தில் ஒரு பாடம் சறுக்கினால் ஆளையே இறக்கிவிடுவார்கள். சட்டம் மாறிவிட்டது, தீபாவளிக்கு வந்து கேட்கிற உறவினர்கள் மட்டும் மாறவில்லை. ஜி1 என்றால் என்ன என்று அவர்களுக்கு விளங்கிய மறுநாளே அதையும் முத்திரையாக்கிவிடுவார்கள்.

நேரமில்லை என்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன், இது என் யோசனை இல்லை, எங்கள் புளோக்கில் பஸ் ஓட்டுகிற ஒரு தம்பி செய்வது. அவருக்கு விடியற்காலை ஷிஃப்ட், சில வாரம் பின்னிரவு. மகன் தொடக்கநிலை ஆறு. மகன் எழும்போது இவர் இருக்க மாட்டார், இவர் வரும்போது மகன் தூங்கியிருப்பான். அதனால் மகன் அன்றைய பாடத்தை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிவிடுவான், தமிழும் ஆங்கிலமும் கலந்துதான். அப்பா பஸ் முனையத்தில் இடைவேளையில் கேட்டுவிட்டு ஒரு கேள்வி திருப்பி அனுப்புவார். போன மாதம் உராய்வு விசை. "தம்பி, மழையில பிரேக் போட்டா பஸ் ஏன் கொஞ்சம் தள்ளிப் போய் நிக்குது? அப்பாவுக்குத் தினமும் நடக்குது, காரணம் நீ சொல்லு" என்று கேட்டிருக்கிறார்.

பையன் அன்று சாயங்காலம் என்னிடம் வந்து உட்கார்ந்துகொண்டான். ரோட்டுக்கும் டயருக்கும் நடுவில் தண்ணீர் வந்துவிடுகிறது, பிடிப்பு குறைகிறது என்பது வரை அவனே வந்துவிட்டான். டயரில் பள்ளம் எதற்கு என்று நான் கேட்டேன். யோசித்து, தண்ணீர் வெளியே போவதற்கு வழி என்றான். அப்பாவுக்கு அனுப்பினான். அப்பா அடுத்த இடைவேளையில் தன் பஸ்ஸின் டயரைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார், பள்ளத்தில் சிக்கியிருந்த கல்லோடு. அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று, "ஆன்ட்டி, மரினா பேயில ஃபார்முலா ஒன் ஓடுதே, அந்தக் கார் டயர் வழவழன்னு பள்ளமே இல்லாம இருக்கு. அது எப்படி வழுக்காம ஓடுது?" என்று கேட்டான்.

உன் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு வா, எனக்கும் தெரிய வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். மழை வந்தால் அந்த டயரை மாற்றுவார்களா என்பதையும் சேர்த்துக் கேட்கச் சொன்னேன்.